கன்னியாகுமரியில் நாலு நாள்: பாறை, சிலை போக வேறென்ன பார்க்கலாம்?

பவானிக்கரை (ஈரோடு):

வணக்கம்ங்க. டிசம்பர் கடைசி வாரம் குடும்பத்தோடு கன்னியாகுமரி போகலாம் என்று இருக்கிறோம். நான், மனைவி, பன்னிரண்டு வயதில் பெண், ஏழு வயதில் பையன், அப்புறம் அறுபத்தெட்டு வயதில் அம்மா. அம்மாவுக்கு முழங்கால் வலி. நடந்துவிடுவார், படி ஏறினால்தான் தொல்லை. கையில் முழுசாக நாலு நாள் இருக்கிறது.

கல்லூரியில் படிக்கும்போது ஒருமுறை வந்திருக்கிறேன். விடிகாலை பஸ்ஸில் இறங்கினோம், மேகம் மூடியதில் சூரியன் தெரியவில்லை, வரிசையில் நின்று படகில் விவேகானந்தர் பாறைக்குப் போனோம், ஆளுக்கொரு பாசிமாலை வாங்கினோம், மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு மறுபடி பஸ் ஏறிவிட்டோம். அதனால் என் மனதில் கன்னியாகுமரி என்றால் அரை நாள் ஊர். இங்கே ஒரு டிராவல்ஸில் கேட்டால் அவர்களும் அதே கணக்கில் ஒரு நாள் குமரி, மீதி மூன்று நாள் திருவனந்தபுரம், வர்க்கலை என்று திட்டம் போட்டுக் கொடுக்கிறார்கள். எங்களுக்கு அவ்வளவு தூரம் அலைய விருப்பம் இல்லை. ஒரே பக்கமாக இருந்து நிதானமாகக் கடலைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் நாலு நாளும் ஒரே இடத்தில் உட்கார்ந்து கடலைப் பார்த்தால் பையன் என்னை ஒரு வழி பண்ணிவிடுவான்.

எங்கே தங்குவது? குழந்தைகள் கடலில் குளிக்க எந்தக் கடற்கரை நல்லது? அம்மாவைப் படகில் கூட்டிப் போக முடியுமா? மீன் சாப்பாடு எங்கே நன்றாக இருக்கும்? எங்களுக்கு மீன் என்றால் மேட்டூர் அணை மீன்தான், கடல் மீன் எப்போதாவதுதான். ஆனால் அம்மா சுத்த சைவம், அதையும் மனதில் வைத்துச் சொல்லுங்கள்.


நாஞ்சில்வாசி (நாகர்கோவில்):

அண்ணே, வெளியூர்க்காரர்களுக்குக் கன்னியாகுமரி என்றால் ஒரு முனை. எங்களுக்கு அது ஒரு மாவட்டம். கிழக்கே வட்டக்கோட்டையில் தொடங்கி மேற்கே கேரள எல்லையில் இருக்கும் நீரோடி வரைக்கும் ஏறக்குறைய 70 கிலோமீட்டர் கடல் இருக்கிறது, அதில் ஒரு பக்கம் கறுப்பு மண், ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் ஆறு வந்து விழும் பொழி. வருகிறவர்களில் பாதிப் பேர் முனையில் அரை கிலோமீட்டரைப் பார்த்துவிட்டு ஊர் போய்ச் சேருகிறார்கள். நாலு நாள் வைத்திருக்கிறீர்கள் என்பதைக் கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது.

நாகர்கோவிலில் தங்குங்கள். முனைக்கு 20 கிலோமீட்டர்தான். கோயம்புத்தூரிலிருந்து ஈரோடு வழியாக நாகர்கோவிலுக்கே இரவு ரயில் இருக்கிறது, காலையில் இறங்கிவிடலாம். நீங்கள் வரும் நேரம் ஐயப்பன் சீசன். சபரிமலை போய்விட்டுத் திரும்புகிறவர்கள் எல்லோரும் குமரி முனைக்கும் வந்துதான் போவார்கள், அந்த ஊரில் அறை வாடகை எகிறிக் கிடக்கும். நாகர்கோவிலிலிருந்து எல்லாப் பக்கமும் பஸ் உண்டு. ஆனால் அம்மா இருப்பதால் இரண்டு நாளாவது காரை வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும், எங்கள் ஊர்ச் சாலையில் கூகுள் மேப்பில் 40 கிலோமீட்டர் என்று காட்டினால் ஒன்றரை மணி நேரம் என்று எழுதிக்கொள்ளுங்கள். தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் ஓர் ஊர் முடிந்து அடுத்த ஊர் எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது, வீடும் கடையுமாக வந்துகொண்டே இருக்கும்.

பாறைக்குக் காலையில் முதல் படகைப் பிடிக்கப் பாருங்கள். எட்டு மணிக்குத் தொடங்கும், ஏழு மணிக்கே வரிசை நின்றுவிடும். கடல் கொந்தளித்தாலும் நீர்மட்டம் தாழ்ந்தாலும் படகை நிறுத்திவிடுவார்கள், அதனால் முதல் நாளே முயன்று பாருங்கள், நடக்கவில்லையென்றால் கையில் இன்னும் மூன்று நாள் இருக்கும். முன்பெல்லாம் பாறைக்குப் படகு போகும், வள்ளுவர் சிலைக்குப் போகாது, ஆழம் போதவில்லை என்பார்கள். இப்போது அந்தப் பிரச்சினை இல்லை. 2024 டிசம்பர் கடைசியில் இரண்டுக்கும் நடுவே கண்ணாடிப் பாலம் திறந்துவிட்டார்கள், 77 மீட்டர் நீளம். அம்மாவும் நடந்தே போய்விடலாம். சிலைக்கு உள்ளே ஏறும் படிகள் அம்மாவுக்கு வேண்டாம், கீழேயே உட்காரச் சொல்லுங்கள். பீடம் 38 அடி, சிலை 95 அடி, இரண்டும் சேர்ந்து 133. அறத்துப்பாலின் 38 அதிகாரம் பீடம், மற்ற இரண்டு பாலும் அதன்மேல் நிற்கும் சிலை என்பது கணபதி ஸ்தபதியின் கணக்கு. பெண்ணிடம் சொல்லிவிட்டுக் கூட்டிப் போங்கள், அவளே பையனுக்கு வகுப்பு எடுப்பாள்.

முனையை முடித்ததும் அப்படியே வட்டக்கோட்டை. ஆறேழு கிலோமீட்டர்தான். ஒரு பக்கம் கோட்டைச் சுவரில் கடல் மோதும், மறுபக்கம் திரும்பினால் மலையும் காற்றாலைகளும். கூட்டம் குறைவு. சாய்தளம் வழியாக மேலே போகலாம் என்பதால் அம்மாவுக்கும் கஷ்டம் இல்லை. மாலையில் சூரியன் மறைவதை முனையிலேயே பார்க்க நினைக்காதீர்கள், கொஞ்சம் மேற்கே கோவளம் என்றொரு கடற்கரை ஊர் இருக்கிறது. கேரளத்துக் கோவளம் இல்லை, இது எங்கள் கோவளம். டிசம்பரில் சூரியன் நேராகக் கடலுக்குள் இறங்குவது அங்கே தெரியும்.

மேற்கே போகும் நாளில் முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம். முட்டம் நீங்கள் சினிமாவில் பார்த்திருப்பீர்கள், அந்தப் பாறைகளும் கலங்கரை விளக்கமும் சிவந்த மண்மேடும்தான். தேங்காய்ப்பட்டணத்தில் குழித்துறை ஆறு கடலில் சேரும் இடத்தில் மாலை நாலு மணிக்கு மேல் உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வராது. இன்னொரு நாள் மலைப்பக்கம், திற்பரப்பு அருவியும் மாத்தூர் தொட்டிப் பாலமும். பாலம் 115 அடி உயரம், 1966 வாக்கில் காமராசர் முயற்சியில் கட்டியது. ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்குத் தண்ணீரைக் கொண்டுபோகத் தொட்டி கட்டி, அதன் ஓரமாகவே நாம் நடந்து போக வழி விட்டிருக்கிறார்கள். மேல் பக்கமாகக் காரில் போய் இறங்கினால் படி ஏற வேண்டாம்.

சாப்பாடு பற்றித் தனியாக எழுதுகிறேன், கடைக்கு ஆள் வந்துவிட்டது.


ஜன்னலோரம் (மதுரை):

நாஞ்சில்வாசி சொன்னதில் ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஒரு ராத்திரியாவது முனையில் தங்க வேண்டும். நாகர்கோவிலில் தங்கி அஞ்சு மணிக்கு இரண்டு குழந்தைகளையும் எழுப்பிக் கார் ஏற்றிச் சூரிய உதயத்துக்குக் கொண்டுபோவதை நான் செய்து பார்த்திருக்கிறேன். கடற்கரையில் எல்லோரும் சூரியனைப் பார்த்தார்கள், நான் காரில் வாந்தி துடைத்துக்கொண்டிருந்தேன். டிசம்பரில் உதயம் ஆறரை மணி சுமாருக்கு. அங்கேயே தங்கியிருந்தால் ஆறு மணிக்கு எழுந்து போர்வையோடு மொட்டை மாடிக்குப் போனால் போதும்.

ஆனால் அறை எடுக்கும்போது ஜாக்கிரதை. கடல் தெரியும் அறை என்று கூடுதலாக வாங்கிக்கொண்டு எனக்கு ஒரு விடுதியில் கொடுத்த அறையில், குளியலறை வாளியைக் கவிழ்த்துப் போட்டு ஏறி நின்றால் பக்கத்துக் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டிக்கும் டவருக்கும் நடுவில் நாலு விரல் அகலத்துக்கு நீலமாக ஒன்று தெரிந்தது. கேட்டால், கடல்தானே சார் அது என்கிறார்கள். கடல்தான், மறுக்க முடியவில்லை. பணம் கட்டுவதற்கு முன்பு மேலே ஏறிப் பார்த்துவிடுங்கள்.


கரமடி (குளச்சல் பக்கம்):

சார், குழந்தைகள் குளிக்க எந்தக் கடற்கரை நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள், அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. நான் சொல்கிறேன். எதுவும் நல்லதில்லை.

நான் கடற்கரையில் பிறந்தவன், அப்பாவும் தாத்தாவும் கடலுக்குப் போனவர்கள். எங்கள் வீட்டுப் பிள்ளைகளையே நாங்கள் எல்லா நாளும் கடலில் இறங்க விடுவதில்லை. இந்தக் கரை மெரினா மாதிரி நீளமாகச் சரிந்து போகாது. பல இடங்களில் நாலு எட்டு வைத்தால் முழங்கால், அடுத்த எட்டில் கழுத்து. அடியில் பாறை. கரையோரம் இழுக்கும் தண்ணீரை நாங்கள் நீவாடு என்போம், மேலே பார்த்தால் அது தெரியாது. தூண்டில் வளைவு, அதாவது அலையைத் தடுக்கக் கடலுக்குள் போட்ட கல் சுவர், கட்டியிருக்கிற இடத்தில் அலை சாந்தமாக இருக்கிறதே என்று வெளியூர்க்காரர்கள் இறங்குவார்கள், கல்லை ஒட்டி இழுக்கிற இழுப்பு அங்கேதான் அதிகம்.

அப்புறம் கள்ளக்கடல். பெயரைப் பாருங்கள், அதுதான் அதன் குணம். தெற்கே ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் நடுக்கடலில் புயலடித்து எழும்பிய அலை நாள் கணக்கில் ஓடி வந்து இங்கே கரையில் ஏறும். நம் ஊரில் காற்று இருக்காது, மேகம் இருக்காது, வெயில் பளீரென்று அடிக்கும், அலை மட்டும் திடீரென்று வீட்டு வாசலுக்கு வரும். 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவம் படித்த பிள்ளைகள் ஐந்து பேரை அப்படித்தான் இழுத்துக்கொண்டது. ஏப்ரல், மே மாதங்களில்தான் அது அதிகம், நீங்கள் வரும் டிசம்பரில் அவ்வளவாக இருக்காது, ஆனாலும் இறங்காதீர்கள். முட்டத்தில் பாறை நுனியில் நின்று போட்டோ எடுக்காதீர்கள். ஈரமாக இருக்கிற பாறையில் நிற்கவே கூடாது. ஈரம் இருக்கிறது என்றால் கொஞ்ச நேரத்துக்கு முன்னால் அலை அங்கே வந்து போயிருக்கிறது என்று அர்த்தம்.

பயமுறுத்துகிறேன் என்று நினைக்க வேண்டாம். குளிக்கத்தான் கூடாது, பார்க்க எவ்வளவோ இருக்கிறது. காலையில் ஆறு, ஏழு மணிக்கு ஏதாவது மீனவர் ஊர்க் கரைக்கு வாருங்கள். அதிர்ஷ்டம் இருந்தால் கரமடி இழுப்பார்கள். வள்ளத்தில் வலையைக் கொண்டுபோய் அரை வட்டமாகக் கடலில் விட்டு, இரண்டு முனைக் கயிற்றையும் கரையில் நின்று இரண்டு கூட்டமாக இழுப்பது. ஒரு மணி நேரமாவது ஆகும். கேட்டுக்கொண்டு குழந்தைகளும் கயிறு பிடிக்கலாம், யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். வலையில் சொறி (ஜெல்லி மீன்) வந்தால் மட்டும் தொட விடாதீர்கள், அரித்துத் தள்ளிவிடும். வலையைத் தாண்டி நடக்காதீர்கள், காயப் போட்டிருக்கிற மீனுக்கு மேலே நின்று போட்டோ எடுக்காதீர்கள், பெண்கள் மீன் பிரித்துக்கொண்டிருக்கும்போது முகத்துக்கு நேரே கேமராவை நீட்டாதீர்கள். இது யாருடைய கண்காட்சியும் இல்லை, அன்றைய சோறு. அதைப் புரிந்து வருகிறவர்களை எங்கள் ஊரில் நன்றாக வைத்துக்கொள்வார்கள்.

மீன் டிசம்பரில் தாராளமாகக் கிடைக்கும். வேறு மாதத்தில் வருகிறவர்களுக்காக ஒன்று. எங்கள் மாவட்டத்தில் இரண்டு தடைக்காலம். சின்னமுட்டம் உள்ள கிழக்குப் பக்கத்தில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடை, குளச்சல், தேங்காய்ப்பட்டணம் உள்ள மேற்குப் பக்கத்தில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஒரு பக்கம் கட்டிக் கிடக்கும்போது மறுபக்கம் ஓடும், நடுவில் ஜூன் முதல் பாதியில் மட்டும் இரண்டு பக்கமும் கட்டிக் கிடக்கும்.


பவானிக்கரை (ஈரோடு):

கரமடி அண்ணா, நல்லவேளை சொன்னீங்க. பையனுக்கு நீச்சல் தெரியும் என்ற தைரியத்தில் இருந்தேன், அது பவானி வாய்க்கால் நீச்சல். கடல் ஆசையை எப்படித் தீர்ப்பது என்றுதான் தெரியவில்லை.

பத்மநாபபுரம் அரண்மனை பற்றி யாரும் சொல்லவில்லையே? அம்மாவால் முடியுமா?


தக்கலை வாத்தியார்:

தம்பி, அரண்மனைக்கு எதிரே வளர்ந்தவன் நான், அதனால் கொஞ்சம் நீட்டித்தான் எழுதுவேன்.

திங்கட்கிழமை விடுமுறை. இதைத் தெரியாமல் வந்து பூட்டிய கதவுக்கு முன்னால் குடும்பத்தோடு படம் எடுத்துக்கொண்டு போகிறவர்களை வாராவாரம் பார்க்கிறேன். மதியம் ஒரு மணி நேரம் அடைப்பார்கள், அதனால் காலையிலேயே வந்துவிடுவது நல்லது. 1956 நவம்பர் 1 அன்று குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது, ஆனால் திருவிதாங்கூர் அரண்மனை என்பதால் இது இன்றும் கேரள அரசின் கையில் இருக்கிறது. தமிழ்நாட்டு மண்ணில் மலையாளத்தில் பலகை தொங்குவதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

நுழைந்ததும் பூமுகத்தில், அதாவது முகப்பு மண்டபத்தில், கொஞ்சம் நில்லுங்கள். வழிகாட்டி உள்ளே போகலாம் என்று அவசரப்படுத்துவார், நகராதீர்கள். மேலே பாருங்கள், மரக் கூரையில் தொண்ணூறு பூக்கள், ஒன்றைப்போல் ஒன்று இல்லை. அங்கே தொங்கும் குதிரை விளக்கை எந்தப் பக்கம் திருப்பி விட்டாலும் அந்தப் பக்கமே நிற்கும். தாய்க்கொட்டாரம் என்ற பகுதியில் ஒற்றைப் பலா மரத்தில் செதுக்கிய தூண் ஒன்று இருக்கிறது. படைக்குச் சேர வந்தவன் தூக்கிக் காட்ட வேண்டிய கல் என்று ஒன்றைக் காட்டுவார்கள், நூற்றொரு முறை தலைக்கு மேல் தூக்க வேண்டுமாம். உங்கள் பையன் அந்த இடத்தை விட்டு வர மாட்டான். பெண்ணைத் தரையைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். செருப்பைக் கழற்றித்தான் உள்ளே விடுவார்கள், உள்ளங்காலுக்கே அதன் குளிர்ச்சி தெரியும். சுட்ட சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்து இழைத்த தரை, முகம் தெரிகிற கறுப்பு. நாங்கள் சிறுவயதில் ஆள் இல்லாத நேரம் பார்த்து அதில் வழுக்கி விளையாடி அடி வாங்கியிருக்கிறோம்.

அம்மாவுக்கு ஒரு சிக்கல். சில இடங்களில் ஏணி மாதிரி நெட்டுக்குத்தான மரப்படி ஏறி இறங்க வேண்டும், வாசல் தாழ்ந்திருக்கும், குனிய வேண்டும். முடிந்தவரை பார்த்துவிட்டு அம்மா முற்றத்தில் உட்கார்ந்துகொள்ளட்டும். அந்த முற்றத்துக் காற்றே போதும்.

பக்கத்தில் புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டை. 1741-ல் குளச்சலில் திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக்காரர்களைத் தோற்கடித்தது. பிடிபட்டவர்களில் டிலனாய் என்பவர் ராஜாவிடமே வேலைக்குச் சேர்ந்து, படைக்குப் பயிற்சி கொடுத்து, வலிய கப்பித்தான் (பெரிய கேப்டன்) என்று பேர் வாங்கி, இந்த மண்ணிலேயே செத்துப்போனார். நீங்கள் பார்க்கப் போகும் வட்டக்கோட்டையைப் பலப்படுத்திக் கட்டியதும் அவர் மேற்பார்வையில்தான். உதயகிரியில் கூரை இல்லாத சின்னத் தேவாலயத்துக்குள் அவர் கல்லறை இருக்கிறது, லத்தீனிலும் தமிழிலும் எழுதியிருக்கும். குளச்சல் கடற்கரையில் வெற்றித்தூண். மூன்றையும் வரிசையாகப் பார்த்தால் ஒரு கதையை முழுசாகப் படித்த மாதிரி. யாரும் அப்படிப் பார்ப்பதில்லை, ஒன்றைக் குமரியோடும் ஒன்றை அரண்மனையோடும் சேர்த்துப் பார்த்துவிட்டு மறந்துபோகிறார்கள்.

சுசீந்திரம் கோயிலையும் விட்டுவிடாதீர்கள், 18 அடி அனுமார் அம்மாவுக்குப் பிடிக்கும். மார்கழித் திருவாதிரையை ஒட்டிப் பத்து நாள் திருவிழா வரும், தேரோட்டத்தன்று காரை ஊருக்குள் கொண்டுபோக நினைக்காதீர்கள். சிதறால் மலையில் ஆயிரம் வருடத்துக்கு முந்தைய சமணச் சிற்பங்கள் இருக்கின்றன, ஆனால் ஏற வேண்டும். அம்மாவை விட்டுவிட்டு நீங்களும் பிள்ளைகளும் மட்டும் ஒரு காலையில் போய் வரலாம்.


கொக்குநோக்கி (திருநெல்வேலி):

பறவை பார்க்கிற ஆள் யாராவது இருந்தால் மணக்குடி, புத்தளம் உப்பளம், தேரூர் குளம். டிசம்பர்தான் சரியான மாதம். தேரூர் குளம் சாலையோரம், காரை விட்டு இறங்காமலே பார்க்கலாம். மணக்குடியில் பழையாறு கடலில் சேருகிறது, கொஞ்சம் அலையாத்தி மரங்கள் உண்டு. அங்கே இப்போது இருப்பது புதுப் பாலம், பழைய பாலத்தை 2004 சுனாமி தூக்கிப் போட்டுவிட்டது. வெயில் ஏறுவதற்குள் போங்கள், ஒன்பது மணிக்கு மேல் கொக்கும் நீங்களும்தான் இருப்பீர்கள்.


நாஞ்சில்வாசி (நாகர்கோவில்):

கடையைச் சாத்திவிட்டு வந்தேன். நீரில் இறங்கிக் குதிக்க வேண்டும் என்ற ஆசையைத் திற்பரப்பில் தீர்த்துவிடுங்கள் அண்ணே. அருவி உயரம் 50 அடிதான், தலையில் பாறை மாதிரி விழாது, சின்னவர்களுக்குத் தனியாக நீச்சல் குளம் இருக்கிறது, அருவிக்கு மேலே தடுப்பணையில் படகுச் சவாரியும் உண்டு. மலையில் நல்ல மழை பெய்திருந்தால் மட்டும் குளிக்க விட மாட்டார்கள், போவதற்கு முன்னால் லாட்ஜில் கேட்டுக்கொள்ளுங்கள்.

சாப்பாடு. கடலோர வறுவல் கடை என்று பலகை போட்ட இடத்தில் மசாலாவைத்தான் சாப்பிடுவீர்கள், மீனை இல்லை. மதியம் சாதாரணச் சாப்பாட்டுக் கடையில் தேங்காய் அரைத்த மீன் குழம்பு, நெத்திலி அவியல் கேளுங்கள். மரச்சீனிக் கிழங்கு (மரவள்ளி) அவித்ததும் சாளைக் குழம்பும் கிடைத்தால் விடாதீர்கள், ஈரோட்டில் அது கனவிலும் வராது. அம்மாவுக்குக் கவலையே வேண்டாம், சைவம் சமைக்க எங்கள் ஆட்களை அடிக்க ஆளில்லை. அவியல், தீயல், எரிசேரி, புளிசேரி, பாயசத்தில் போளியைப் பிய்த்துப் போட்டுச் சாப்பிடுவது, இதெல்லாம் இலையில் வரும். சாயங்காலம் ரசவடை. வழியில் அக்கானி விற்றால் குடியுங்கள், உங்கள் ஊர்ப் பதநீர்தான், டிசம்பரில் கிடைப்பது சந்தேகம். ஊருக்கு வாங்கிப் போக நேந்திரம் சிப்ஸ், அப்புறம் மட்டிப்பழம். விரல் அளவுதான் இருக்கும், வாசனை அறை முழுக்க வீசும். காயாக வாங்குங்கள்.

ஒரு காலை தோவாளைப் பூச்சந்தைக்கும் ஒதுக்குங்கள். விடிவதற்கு முன்பே தொடங்கிவிடும். மல்லிகையும் பிச்சியும் மூட்டை மூட்டையாகக் குவிந்து கிடக்கும், மூக்கு அடைத்துப்போகும்.


பவானிக்கரை (ஈரோடு):

போய்விட்டு வந்துவிட்டோம், சொல்லாமல் இருக்க மனசில்லை.

முதல் நாள் காலை ஏழரைக்கே வரிசையில் நின்றோம், கடல் சரியில்லை என்று படகை விடவில்லை. பையன் அழுதான். நாஞ்சில்வாசி சொன்ன மாதிரி கையில் மூன்று நாள் இருந்ததால் நான் அழவில்லை. மூன்றாம் நாள் போனோம். அம்மா படகில் ஏறும்போது இரண்டு பேர் கை கொடுத்தார்கள், இறங்கும்போது அவரே குதித்த மாதிரி இறங்கிவிட்டார். கண்ணாடிப் பாலத்தில்தான் வேடிக்கை. பேத்தி கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை இறுக மூடி முருகா முருகா என்று நடந்து முடித்தார், கீழே அலை அடிப்பதை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து பக்கத்து வீட்டு அக்காவிடம், காலுக்குக் கீழே கடல் எப்படித் தெரிந்தது தெரியுமா என்று கால் மணி நேரம் விவரித்துக்கொண்டிருந்தார்.

ஜன்னலோரம் சொன்னபடி ஒரு ராத்திரி முனையில் தங்கினோம், மேலே ஏறிப் பார்த்துவிட்டுத்தான் பணம் கட்டினேன். உதயத்தன்று பாதிச் சூரியனை மேகம் தின்றுவிட்டது, ஆனாலும் பரவாயில்லை. கடையில் ஏழு நிற மண் பொட்டலம் விற்றார்கள். குமரி அம்மன் கல்யாணம் நின்றுபோனதில் சமைத்து வைத்த சோறெல்லாம் மணலாகிப் போச்சு என்று விற்கிற பாட்டி கதை சொன்னார். பையன் ஒரு பொட்டலத்தைப் பிரித்து அரிசி எது, பருப்பு எது என்று கேட்டுப் பாட்டியையே திணறடித்துவிட்டான்.

வாத்தியார் ஐயா, அரண்மனையில் அம்மா படி ஏறவில்லை. முற்றத்துத் திண்ணையில் உட்கார்ந்தவர் நாங்கள் சுற்றிவிட்டு வரும்போது அங்கே பெருக்குகிற அம்மாவோடு முட்டைவெள்ளைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார், இவ்வளவு தரைக்கு எத்தனை ஆயிரம் முட்டை ஆகியிருக்கும் என்று. டிலனாய் கல்லறையில் தமிழ் எழுத்தைப் பெண் தடவித் தடவிப் படித்தாள். குளச்சல் தூணையும் பார்த்துவிட்டோம், மூன்றும் முடிந்தது.

குளச்சலுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு கரையில்தான் கரமடி கிடைத்தது. எங்களைப் பார்த்ததும் ஒரு பெரியவர் கயிற்றைக் காட்டிப் பிடி என்றார், வேறு ஒன்றும் பேசவில்லை. பிடித்த பிறகுதான் தெரிந்தது, அது கயிறு இல்லை, மணலும் உப்பும் ஏறிய ரம்பம். பத்தே நிமிடத்தில் என் உள்ளங்கை சிவந்துவிட்டது. அவர்கள் பின்பக்கமாக நடந்து நடந்து இழுக்கிறார்கள், கடைசி ஆள் கயிற்றைச் சுருட்டிப் போட்டுவிட்டு முன்னால் போய் மறுபடி பிடிக்கிறார், அது ஒரு தாளத்தில் நடக்கிறது, நான் அந்தத் தாளத்தைக் கெடுத்துக்கொண்டே இருந்தேன். முக்கால் மணி நேரம் கழித்து வலையின் மடி கரை ஏறியபோது உள்ளே பாதி சொறி. ஒரு கூடை நெத்திலி, கொஞ்சம் காரல், அவ்வளவுதான். இருபது பேர் இழுத்ததற்கு ஒரு கூடை. யாரும் முகம் வாடவில்லை, நான்தான் ஏமாந்த மாதிரி நின்றேன். பெரியவர் வலையிலிருந்து ஒரு மீனை எடுத்துப் பையன் கையில் வைத்தார், அது பந்து மாதிரி உப்பிவிட்டது. பேத்தையாம். பையனுக்குப் பேச்சே வரவில்லை. கடலில் குளிக்க வேண்டும் என்ற பேச்சு அதோடு போச்சு.

மட்டிப்பழத்தைக் காயாகத்தான் வாங்கினேன், நாஞ்சில்வாசி. மதுரை தாண்டுவதற்குள் ரயில் பெட்டியில் எல்லோரும் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். ஈரோடு வரும்போது தாரில் காம்புதான் மிச்சம்.


கரமடி (குளச்சல் பக்கம்):

பேத்தையை என்ன செய்தீர்கள்? சமைத்துவிடவில்லையே, அது விஷம்.


பவானிக்கரை (ஈரோடு):

ஐயோ இல்லைங்க. பெரியவரே வாங்கித் தண்ணீரில் விட்டுவிட்டார். கொஞ்ச நேரம் வயிறு மேலே தெரிய மிதந்தது, செத்துவிட்டது என்று பையன் அழத் தயாரானான், அப்புறம் புஸ்ஸென்று இளைத்து ஓடிவிட்டது.